குடியாட்சிக்குள் ஒரு செல்வராட்சி

முலுண்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. தாராவி மக்களுள் ஒரு பகுதியினரைக் கொண்டுவந்து இப்பக்கத்தில் குடியேற்றப் போகிறார்களாமே, நம் பகுதியின் தண்ணீர் என்ன ஆகும், சாலைகள் தாங்குமா, காலை இரயிலில் கால் வைக்க இடம் கிடைக்குமா என்பன அப்பேச்சின் பொருள். தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் ஒரு பேச்சு உண்டு. நம் வீடு கணக்கில் சேருமா சேராதா, சேராவிடின் நம்மை எங்கே அனுப்புவார்கள், பட்டறையும் கடையும் பிள்ளைகளின் பள்ளியும் என்ன ஆகும் என்பன அங்கே எழும் கவலைகள். இரண்டு பேச்சும் ஒரே மொழியில் நடைபெறுகின்றன. ஒரே ஊரிலிருந்து, சில இடங்களில் ஒரே குடும்பத்திலிருந்து பிரிந்து வந்த இரு கிளைகளுக்குள் நடைபெறுகின்றன.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கும் இவ்வேளையில், இருவரும் சேர்ந்து கேட்கவேண்டிய வினா கேட்கப்படாமலே போகின்றது. இம்முடிவுகளை எடுத்தவர் யார்? எந்தச் சட்டத்தின்படி எடுத்தனர்? அச்சட்டம் எழுதப்பட்டபோது எவருடைய சொல்லுக்கு எடை மிகுதியாக இருந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், குடியாட்சியில் செல்வத்தின் செல்வாக்கு எவ்வளவு தூரம் செல்கிறது என்னும் பெரிய பொருளுக்கு நாம் வந்து சேர்கிறோம். அதனை இத்திங்கள் நம் குடும்பங்களின் பார்வைக்கு வைக்கின்றோம்.

சொல்லும் பொருளும்

சிலர் கூடிப் பலரை ஆளும் முறையைக் கிரேக்கர் 'ஒலிகார்க்கி' என்றனர். தமிழில் அதனைச் சிலராட்சி எனலாம். ஆயினும் அறிஞர் அரிஸ்டாட்டில் இதனை ஆராய்ந்தபோது, ஆள்வோரின் எண்ணிக்கையைவிட அவர்தம் செல்வ நிலையே முதன்மையானது என்று கண்டார். செல்வர் பலராயும் வறியவர் சிலராயும் உள்ள நாடு ஒன்று இருக்குமாயின், அங்கும் செல்வர் தம் நலங்கருதி ஆள்வதே அப்பெயருக்கு உரியது என்பது அவர் துணிபு. ஆதலின் அதனைச் செல்வராட்சி என்றே அழைப்பது பொருந்தும்.

நம் நாட்டுப் பழைய வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. காஞ்சிக்கு அருகிலுள்ள உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அதனைத் தமிழர் குடியாட்சிக்கு முன்னோடி என்று நாம் பெருமையுடன் பேசுகின்றோம், பேசவும் வேண்டும். ஆனால் அவ்வோலையில் யாருடைய பெயர் எழுதப்பட்டது? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராய், மறை கற்றவராய் இருத்தல் வேண்டும். உழுது விளைவித்த கூலியாளின் பெயர் அக்குடத்தில் விழவில்லை. எனவே அது உடைமையோர் தமக்குள் நடத்திய குடியாட்சி.

எனினும் அதே கல்வெட்டில் இன்று நாம் நாணத்தக்க அளவுக்கு உயர்ந்த விதிகளும் உள. வாரியத்தில் பணிபுரிந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மீண்டும் உறுப்பினராதல் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் ஆதல் கூடாது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவரின் பெயரும் குடத்தில் இடப்படாது. அதாவது, வாயிலைக் குறுக்கி வைத்த அம்மன்றமும் உள்ளே வந்தவரிடம் கணக்குக் கேட்டது. நம் காலத்துக் குடியாட்சி வாயிலை யாவர்க்கும் திறந்துவிட்டது. கணக்குக் கேட்பதில் அது எவ்வாறு நடந்துகொண்டது என்பதை இனிக் காண்போம்.

பம்பாய் கண்ட வாக்குரிமை

நாம் வாழும் இம்மாநகரிலும் வாக்குரிமை நெடுங்காலம் பணத்தை ஒட்டியே இருந்தது. 1872-ஆம் ஆண்டில் பம்பாய் நகராட்சிக்கு உறுப்பினரில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி செலுத்துவோருக்கு வழங்கப்பட்டது. ஆலையிலும் துறைமுகத்திலும் தோல் பதனிடும் தொழிலிலும் உழைத்தவர்க்கு அதில் இடம் இல்லை. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் மாநகராட்சித் தேர்தல் 1948-இல்தான் நடைபெற்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு அவ்வுரிமையை நாடு முழுவதற்கும் உறுதியாக்கியது. மாடியில் வாழ்பவருக்கும் ஒரு வாக்கு, சாலில் வாழ்பவருக்கும் ஒரு வாக்கு.

வாயில் இவ்வாறு திறந்தபின் செல்வராட்சி மறைந்துவிட்டது என்று எண்ணுதல் இயல்பு. உண்மையில் அது முன்வாயிலை விட்டுப் புறவாயிலை நாடிச் சென்றது. தேர்தல் நடத்தப் பணம் வேண்டும். பணம் செல்வரிடம் இருக்கிறது. பணம் தந்தவரின் சொல்லைப் பதவிக்கு வந்தவர் எளிதில் தட்ட இயலாது. இந்த உண்மையை நாட்டுக்கு முதன்முதலில் உரத்து எடுத்துரைத்த நீதிமன்றங்களுள் நம் பம்பாய் உயர்நீதிமன்றம் ஒன்று என்பதை நம்மிற் பலர் அறியார்.

சாக்ளா விடுத்த எச்சரிக்கை

1957-ஆம் ஆண்டில் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க இடந்தரும் வகையில் தன் அமைப்பு விதியைத் திருத்த விரும்பியது. பங்குதாரர் ஒருவர் அதனை எதிர்த்தார். வழக்கு தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா அமர்ந்த ஆயத்தின் முன் வந்தது. அக்காலச் சட்டத்தில் இத்தகைய நன்கொடைக்குத் தடை ஏதும் இல்லாமையால், நீதிமன்றம் திருத்தத்திற்கு அனுமதி அளித்தது. அளித்தபோதே, இவ்வழக்கம் வளர்ந்து பெருகினால் அது இந்நாட்டுக் குடியாட்சியின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடும் என்று சாக்ளா எச்சரித்தார். எந்நிலையில், எவ்வளவுக்கு உட்பட்டு நிறுவனங்கள் நன்கொடை தரலாம் என்பதை நாடாளுமன்றமே ஆராய்ந்து வரையறுத்தல் நலம் என்றும் கூறினார்.

எச்சரிக்கை வெளிவந்து சில திங்களுக்குள் அதே சாக்ளாவின் முன் வேறொரு விசாரணை வந்தது. 1957 ஜூனில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. அப்பணம் நாடெங்கிலும் உள்ள எளிய குடும்பங்கள் தவணை தவணையாகச் செலுத்திய காப்பீட்டுப் பணம். ஆளுங்கட்சி உறுப்பினராகவே இருந்த பெரோஸ் காந்தி இதனை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். சாக்ளாவின் ஒரு நபர் ஆணையம் பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. முடிவில், நிதியமைச்சராயிருந்த தமிழர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். நம்மவர் என்பதற்காக இதனை மறைத்துப் பேசுதல் தகாது. பொதுப்பணத்தின் திறவுகோல் இருக்கும் இடத்தை நாடிச் செல்வம் செல்லும். அவ்விடத்தில் இருப்பவர் எம்மொழியினர் என்று அது பார்ப்பதில்லை.

வரம்பு வந்ததும் போனதும்

1960-இல் நாடாளுமன்றம் ஒரு வரம்பு விதித்தது. நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 25,000 ரூபாய் அல்லது மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு ஐந்து, இவற்றுள் எது மிகுதியோ அதுவரை தரலாம். தந்ததைக் கணக்கில் காட்டவேண்டும். அதன்பின் ஊழல் ஒழிப்பு வழிகளை ஆராய்ந்த குழுவிற்குத் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமை தாங்கினார். 1964-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தருவதை முற்றிலும் தடை செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1969-இல் அத்தடை வந்தது. ஆனால் தேர்தலுக்குப் பணம் கிடைக்க வேறு நேர்வழி எதுவும் ஏற்படுத்தப்படாமையால், பணம் கணக்கிலிருந்து பெட்டிக்கு மாறிற்று. 1985-இல் தடை நீங்கி ஐந்து விழுக்காட்டு வரம்பு மீண்டது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் அதனை ஏழரை விழுக்காடாக்கியது.

இதுவரை வரம்பு கூடிற்று, குறைந்தது. வரம்பு என்ற ஒன்று இருந்தது. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதனையே அகற்றியது. இலாபம் ஈட்டாத நிறுவனமும் எவ்வளவு வேண்டுமாயினும் தரலாம். எந்தக் கட்சிக்குத் தந்தது என்பதைத் தன் பங்குதாரருக்கும் சொல்லவேண்டுவதில்லை என்றாயிற்று. தேர்தல் பத்திரம் என்னும் புதிய ஏற்பாட்டின்படி, பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்களை வாங்கிக் கட்சியிடம் கொடுக்கலாம்; கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் தம் ஐயங்களை எழுத்தில் தெரிவித்தன. ஆயினும் இத்திருத்தங்கள் பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டமையால், மாநிலங்களவைக்கு அவற்றைத் திருத்தும் ஆற்றல் இல்லாது போயிற்று.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தொடர்புடைய நிறுவனங்களிடமிருந்து பணம் பெற்றதன் வாயிலாகப் பாரதீய ஜனதா, காங்கிரசு ஆகிய இரு பெரும் கட்சிகளும் சட்டத்தை மீறிவிட்டன என்று தில்லி உயர்நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதன்பின் 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் நிதிச் சட்டங்களில் வெளிநாட்டு நிறுவனம் என்பதன் பொருளே திருத்தப்பட்டது. அத்திருத்தம் 1976-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்று பாய்ந்தது. குடிசைவாசி ஒருவர் தம் வீடு 2000-ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டது என்று காட்ட ஒரு தாளுக்கு அலையவேண்டும். அவருக்காக எச்சட்டமும் பின்னோக்கி நடப்பதில்லை. கட்சிகளுக்காக அது 40 ஆண்டுகள் பின்னோக்கி நடந்தது. செல்வராட்சி சட்டத்தை எவ்வாறு வளைக்கிறது என்று கேட்பவர்க்கு இதனைக் காட்டுவது போதும். எதிரெதிரே நின்று பேசும் கட்சிகள் இவ்விடத்தில் ஒன்றுபட்டன என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மறைப்பு விலகியபோது

2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையில் அமர்ந்த ஐந்து நீதிபதிகள் ஒரு மனதாகத் தேர்தல் பத்திரத் திட்டத்தை நீக்கினர். கட்சிக்குப் பணம் தருபவர் யார் என்பதை அறிதல் வாக்காளரின் உரிமை என்றனர். நிறுவனம் தரும் நன்கொடை பெரும்பாலும் கைம்மாறு கருதிய வணிகமே ஆதலின், அதனைத் தனிமனிதர் தரும் நன்கொடையோடு ஒன்றாக வைத்து வரம்பின்றி விடுவது சமநீதிக்கு மாறானது என்றும் கூறினர். 1957-இல் பம்பாயில் விதைத்த எச்சரிக்கை தில்லியில் தீர்ப்பாக விளைய 67 ஆண்டுகள் ஆயின.

வங்கி விவரங்களை வெளியிடக் காலநீட்டிப்புக் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. வெளிவந்த கணக்கின்படி, 2018 முதல் 2024 வரை விற்ற பத்திரங்களின் மதிப்பு ஏறக்குறைய 16,500 கோடி ரூபாய். 2019 ஏப்ரல் முதற்கொண்ட பட்டியலில் பாரதீய ஜனதா கட்சி பெற்றது ஏறக்குறைய 6,060 கோடி. திரிணமூல் காங்கிரசும் காங்கிரசும் ஆயிரம் கோடிக்கு மேற்பட்டுப் பெற்றன. மிகுதியான பத்திரங்களை வாங்கியது கோவையைச் சார்ந்த லாட்டரி வணிகரின் பியூச்சர் கேமிங் நிறுவனம். தொகை 1,368 கோடி. தான் பெற்ற 656 கோடியில் 509 கோடி அந்நிறுவனத்திடமிருந்து வந்தது என்று திராவிட முன்னேற்றக் கழகமே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003 முதல் தடை செய்யப்பட்டுள்ளது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, பணம் எங்கே திரண்டு எங்கே செல்கிறது என்பது நமக்குச் சற்று விளங்கும்.

பணம் தந்தார் என்பதனாலேயே கைம்மாறு பெற்றார் என்று முடிவு கட்டுதல் நேர்மை ஆகாது. பத்திரங்கள் அனைத்தையும் பற்றித் தனிப்புலனாய்வு வேண்டும் என்ற மனுக்களை உச்சநீதிமன்றமே 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்தது. ஆனால் ஒன்று உறுதி. ஆறு ஆண்டுகளாக, ஒரு பொதுத்தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் நடந்த காலம் முழுவதும், பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்த செய்தி வாக்களித்த நமக்குத் தெரியாதிருந்தது. அதிகாரம் என்பது பெரும்பாலும் இத்தகைய தெரிதலில்தான் அடங்கியுள்ளது.

தாராவியும் முலுண்டும்

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டும், மட்பாண்டம் வனைந்த அயலாரோடு அண்டை வாழ்ந்தும், சதுப்பு நிலத்தை மேடாக்கியும் நம் முன்னோர் உருவாக்கிய இடம் தாராவி. ஏறக்குறைய 600 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் இன்று நகரின் நடுவே விலைமதிப்பற்ற நிலமாய் நிற்கின்றது. அதனைப் புதுக்க 2018-இல் அழைத்த ஒப்பந்தப் புள்ளியில் செக்லிங்க் என்னும் குழுமம் 7,200 கோடி ரூபாய் குறித்து முதலிடம் பெற்றது. இரயில்வே நிலம் புதிதாகச் சேர்ந்தது என்னும் காரணங்காட்டி 2020-இல் அது நீக்கப்பட்டது. புதிய விதிகளுடன் 2022 நவம்பரில் நடந்த போட்டியில் அதானி குழுமம் 5,069 கோடி குறித்து வென்றது. திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் அக்குழுமத்திற்கு நூற்றுக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20 பங்கு.

முந்திய குழுமம் தொடுத்த வழக்கைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளியது. பணிகளை நிறுத்திவைக்க உச்சநீதிமன்றமும் 2025 மார்ச்சில் மறுத்தது. எனவே போட்டியின் முடிவைச் சட்டத்திற்குப் புறம்பானது என்று கூற நமக்கு உரிமை இல்லை. நாம் நோக்கவேண்டுவது அதனைச் சுற்றி விதிகள் எவ்வாறு அமைந்தன என்பதை.

ஓரிடத்தில் கட்ட இயலாத பரப்பை வேறிடத்தில் கட்டிக்கொள்ள விற்கும் உரிமைக்கு இந்நகரில் டி.டி.ஆர். என்று பெயர். கட்டடத் தொழிலில் உள்ள அன்பர்கள் இதனை நன்கு அறிவர். 2023 நவம்பரில் வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, மும்பையில் இவ்வுரிமை வாங்குவோர் முதலில் நூற்றுக்கு 40 பங்கைத் தாராவித் திட்டத்திலிருந்து வாங்கவேண்டும் என்றது. ஒரு சந்தையில் அனைவரும் தம் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரே கடையில் வாங்கவேண்டும் என்பது போன்றது இது. விதிகள் போட்டிக்கு முன்னரே வகுக்கப்பட்டவை, போட்டியிட்ட யாவர்க்கும் பொதுவானவை என்பது அதானி குழுமத்தின் விடை. எதிர்க்கட்சிகள் இதனை ஒரு குழுமத்திற்கு அளித்த சலுகை என்றன. இருதரப்பையும் கேட்டபின் எஞ்சும் உண்மை இதுவே: முலுண்டிலோ செம்பூரிலோ நம் சொசைட்டிக் கட்டடம் புதிதாகக் கட்டப்படும்போது அதன் செலவைத் தொடும் ஒரு விதி, நம்மில் நூற்றுக்கு ஒருவரும் அறியாமல் எழுதப்பட்டது.

வீடு பெறுவோர் கணக்கும் அவ்வாறே. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுரஅடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அதன்பின் 2011 வரை வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு, 300 சதுரஅடி. மாடியில் குடியிருந்தோர்க்கு வெளியே வாடகை முறையில் வீடு. வெளியே என்றால் எங்கே? 2024-இல் மத்திய அரசு காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் ஆகிய இடங்களின் உப்பளங்களில் 255.9 ஏக்கரை இத்திட்டத்திற்காக மாநில அரசுக்கு வழங்க இசைந்தது. முலுண்டின் ஜாம்ஸ்ப் உப்பளம் அதில் 58.5 ஏக்கர். உப்பளம் என்பது வெறும் நிலம் அன்று. மழைக்காலத்தில் கடலும் வானமும் ஒருசேரப் பெருகும்போது வெள்ளத்தைத் தாங்கும் தாழ்நிலம் அது. அதன்மேல் வீடு எழுந்தால், அங்கே குடியேறும் தாராவித் தமிழரும் அதன் அருகே வாழும் முலுண்ட் தமிழரும் ஒரே வெள்ளத்தில்தான் நிற்பர்.

ஆதலின் முலுண்ட் குடும்பங்கள் தாராவிக் குடும்பங்களைப் பகைத்தல் பொருளற்றது. அவர்கள் இங்கு வர விரும்பி எழுதிக் கொடுத்தவர் அல்லர். தண்ணீரும் சாலையும் போதாமையைச் சுட்டி முலுண்ட் மக்கள் 2023 முதல் எழுப்பிவரும் குரல் நேரியது. ஆனால் அக்குரல் வருகின்றவரை நோக்கி எழாமல், வரச்செய்த முடிவை நோக்கி எழவேண்டும்.

மன்றம் இல்லாத நான்காண்டு

இம்முடிவுகள் பல எடுக்கப்பட்ட காலத்தில் மும்பை மாநகராட்சியின் நிலை யாது? அதன் உறுப்பினர் காலம் 2022 மார்ச்சு 7 அன்று முடிந்தது. வார்டு எல்லையும் இட ஒதுக்கீடும் பற்றிய வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போயிற்று. 2026 ஜனவரியில் தேர்தல் நடக்கும் வரை, 227 வார்டுகளுக்கும் ஓர் உறுப்பினர்கூட இன்றி, அரசு அமர்த்திய அதிகாரியே நிருவாகியாய் இருந்தார். நாட்டின் மிகச் செல்வம் படைத்த மாநகராட்சி ஏறத்தாழ நான்காண்டுகள் வாக்காளரின் பேராள் இன்றி நடந்தது. குழாயில் தண்ணீர் வராதபோது கதவைத் தட்ட ஓர் உறுப்பினர் வீடு இல்லாதிருந்த அந்நாட்களை நம் இல்லத்தரசியர் மறந்திரார். செல்வருக்கு அக்குறை இல்லை. அவருக்கு அமைச்சகத்தின் கதவு திறந்தே இருந்தது. மன்றம் மூடியிருக்கும்போது எளியவன் தன் ஒரே வாயிலை இழக்கிறான். செல்வன் தன் பல வாயில்களில் ஒன்றையே இழக்கிறான்.

ஓர் எதிர்வாதம்

செல்வர் அனைவரையும் பகைவராக எண்ணலாமா என்று கேட்கும் அன்பர்களும் உளர். எண்ணலாகாது. ஆலைகளும் வங்கிகளும் கப்பல் துறையும் இல்லையேல் நம்மில் யாரும் இந்நகருக்கு வந்திரோம். தொழில் முயற்சி நாட்டுக்கு வேண்டும். மேலும், தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. எதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்னும் நிலையே தொழிலதிபரை ஆளுங்கட்சியின் வாயிலில் நிற்கச் செய்கிறது என்று இராஜாஜி தம் 'பெர்மிட் லைசென்சு கோட்டா' ஆட்சி பற்றிய கண்டனத்தில் இடைவிடாது எடுத்துரைத்தார். சந்தானமும் இராஜாஜியும் பொருளாதாரக் கொள்கையில் வேறு வேறு வழியினர். எனினும் இருவரும் கண்ட நோய் ஒன்றே. செல்வமும் ஆட்சியும் மூடிய அறையில் சந்திக்கும்போது, வெளியே நிற்பவன் குடிமகன்.

ஆகவே நாம் கேட்பது செல்வத்தை ஒழிப்பதை அன்று. அறையின் கதவைத் திறந்து வைப்பதையே கேட்கின்றோம். நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் பெரிய மாநிலங்களில் 95 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்று விதி உண்டு. அவருடைய கட்சி செலவிடும் தொகைக்கு வரம்பே இல்லை. கட்சி தனக்காகச் செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1974-இல் கூறியபோது, சட்டத்தையே திருத்தி அத்தீர்ப்பின் பயனை நீக்கினர். வேட்பாளர் தம் சொத்தையும் வழக்குகளையும் வெளியிடவேண்டும் என்ற விதியையும் 2002-இல் அவ்வாறே குறைக்க முயன்றனர். 2003-இல் நீதிமன்றம் அம்முயற்சியைத் தடுத்தது. இன்று எந்த வேட்பாளரின் சொத்துக் கணக்கையும் நாம் பார்க்க இயல்வது அதன் பயனே. கதவு தானாகத் திறப்பதில்லை. யாரோ சிலர் விடாது தட்டியதால் திறந்தது.

நாம் செய்யத்தக்கவை

நம் போன்ற ஊர்விட்டு வந்த குடும்பங்கள் என்ன செய்ய இயலும் என்று மலைக்கவேண்டுவதில்லை. முதலாவது, வாக்காளர் பட்டியல். வாடகை வீடு மாறும்போதெல்லாம் நம் பெயர் பழைய வார்டிலேயே தங்கிவிடுகிறது; ஊரில் ஒரு பட்டியல், இங்கு ஒரு பட்டியல் என்று இரண்டிலும் குழம்பி எதிலும் வாக்களியாது விடுவோரும் உளர். வாழும் இடத்தில் பெயரைப் பதிவு செய்தல் இல்லத்தின் கடமைகளுள் ஒன்றாகட்டும்.

இரண்டாவது, அறிவிக்கைகளைப் படித்தல். மகாராஷ்டிர வட்டார, நகர்த் திட்டச் சட்டம் 1966-இன் 37-ஆம் பிரிவின்படி, வளர்ச்சித் திட்டத்தில் மாறுதல் செய்ய முன்வரும்போது, மக்கள் தம் மறுப்பையும் கருத்தையும் தெரிவிக்க ஒரு திங்கள் அவகாசம் தரவேண்டும். பெரிய நிறுவனங்கள் இவற்றைப் படித்து விடையிறுக்க வழக்கறிஞரை அமர்த்தியுள்ளன. நமக்கு அத்தகையோர் இல்லை. ஆனால் மராத்தி நன்கு கற்ற பிள்ளைகள் நம் இல்லந்தோறும் உளர். முலுண்டையும் தாராவியையும் தொடும் அறிவிக்கை வெளிவரும்போதெல்லாம், அதன் கருத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டவும், கையொப்பம் பெற்று உரிய காலத்திற்குள் அனுப்பவும் இளைஞர் சிலர் முன்வருவாராயின், அதனினும் பயனுள்ள சங்கப்பணி இப்போது வேறொன்று இல்லை என்பது நம் கருத்து.

மூன்றாவது, கணக்குக் கேட்டல். வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையும் தண்ணீரும் கேட்பதோடு, உங்கள் கட்சிக்கு யார் பணம் தந்தார் என்றும் கேட்போம். கேட்பவர் ஒருவராயின் நகைத்துவிட்டுப் போவார். ஒரு சால் முழுவதும் கேட்டால் விடையோடு வருவார். தமிழ்க் கட்சிகளுக்கும் இவ்வினாவினின்று விலக்கு வேண்டா.

நான்காவதும் இன்றியமையாததும் ஒன்று உண்டு. தாராவிச் சங்கங்களும் முலுண்ட் சங்கங்களும் ஒரே மேடையில் அமர்ந்து, யாருக்கு எங்கே வீடு, எவ்வளவு தண்ணீர், எத்தனை பள்ளி, எந்த உப்பளத்தில் எத்தனை மாடி என்பனவற்றைச் சேர்ந்து கேட்டல் வேண்டும். தாராவியில் 350 சதுரஅடி கேட்பவரும் முலுண்டில் தண்ணீர் கேட்பவரும் தனித்தனியே நின்றால், ஒருவர் கோரிக்கையைக் காட்டி மற்றவர் கோரிக்கையை மறுப்பது எளிதாகும். சேர்ந்து நின்றால் இரண்டுக்கும் விடை சொல்லியாகவேண்டும்.

உத்தரமேரூர்க் குடத்தில் நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் பெயர் விழுந்ததில்லை. இன்று பட்டியலில் நம் பெயர் உண்டு. அவ்வூரார் கல்லில் வெட்டிவைத்த கணக்குக் கேட்கும் விதியை, பெயர் விழாத அம்முன்னோரின் மக்களாகிய நாம் கையில் எடுத்துக்கொள்வோமாக.